இரு மாநிலத்திலும் இல்லாதவர்

ஆரம்பாக்கம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள நந்தினி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனா எடுத்தேன். என் நலம் உனக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று திட்டாதே. என் புருஷனைக் கொண்டுபோன நாளிலிருந்து யார் யாரோ கூப்பிடுகிறார்கள். எடுத்தால் பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இப்போது போனை அணைத்தே வைத்திருக்கிறேன்.

வக்கீலாக நீ கேட்டபடி நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வண்டியில் மூன்று பேர் வந்தார்கள், சாதாரண உடுப்பில். "பாவா இருக்காரா?" என்று தெலுங்கு வாடையில், மச்சான் முறை சொல்லிக் கேட்டார்கள். வேறு ஊரில் இப்படி வந்திருந்தால் நீங்கள் யார் என்று முதலில் கேட்டிருப்பார்கள். நம் ஊரில் பாதி வீட்டில் தெலுங்குதானே பேச்சு. ராபினுடைய அத்தை குடும்பமும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம்தான். அத்தை மகன்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன், நந்தினி. சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். குடித்து முடித்த பிறகுதான், "அவரு வேல பாக்குற கம்பெனில இரும்பு காணோம்மா. சும்மா ஒரு வெசாரணை. சாயந்தரம் கொண்ணாந்து வுட்டுர்றோம்" என்று ராபினை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எந்த ஸ்டேஷன் என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஸ்டேஷனில், "நாங்க தூக்கலம்மா, அந்தாண்ட போய்க் கேளு" என்கிறார்கள். அங்கே போனால், "உங்க ஊருல கேளு" என்கிறார்கள். நாடு ஒன்றுதானே, இத்தனை வாசல் எதற்கு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வேண்டும், அவ்வளவுதான்.

உன்
ஜெனிபர்


பெரம்பூர்
13 செப்டம்பர் 2024

அன்பு ஜெனி,

கடிதம் எழுதியது நல்லதுதான். தபால் டெல்லியின் பொறுப்பு, போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு. ஒருவர் கை அடுத்தவர் பைக்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. இதைப் படித்துக் கொஞ்சமாவது சிரி.

இத்தனை வாசல் எதற்கு என்று கேட்டிருந்தாய். எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையை யாரும் பிடிக்க முடியாது. அதனால்தான் பிரித்து வைத்தார்கள். ஒரு மாநிலத்துப் போலீஸ் இன்னொரு மாநிலத்துக்குள் வந்து ஒருவரைப் பிடிக்கலாம். ஆனால் அங்கே இருக்கும் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். எங்கே பிடித்தாலும் ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பிரித்து வைத்ததன் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ராபின் அதில் விழுந்திருக்கிறார் என்று பயப்படுகிறேன்.

ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டேன். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்பதுதான் அது. தூக்கியது நம் ஊரில் என்பதால் நம் உயர்நீதிமன்றமே இரண்டு மாநிலத்தையும் கேட்கலாம். போலீசுக்கு மேலே அரசு, அரசுக்கு மேலே அரசியல் சட்டம். அதை மீறி ஒரு மனிதரை யாரும் பூட்டி வைக்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
நந்தினி


ஆரம்பாக்கம்
6 அக்டோபர் 2024

நந்தினி,

"எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை" என்று இரண்டு மாநிலமும் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாய். அன்றைக்கே ராபின் வந்துவிட்டார்.

பட்டப்பகல். வெளியே நல்ல மழை. துணியை எடுக்கப் பின்பக்கம் போனால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அதே நீலச் சட்டை. அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் கால் நின்றுவிட்டது. அவர் மேலிருந்து ஒரு குளிர் அடித்தது.

எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் இல்லன்னு எழுதிட்டாங்களே ஜெனி. அப்போ நான் எங்க இருக்கறது?" என்றார். உள்ளே வாருங்கள் என்றால் வருவதில்லை. தட்டு வைத்தால் அதையே பார்க்கிறார், தொடுவதில்லை. இப்போது தினமும் வருகிறார். ஒரே பேச்சுதான்: "கேஸ வாபஸ் வாங்கிடு. நீ கேக்கறத நிறுத்திட்டா நான் இங்கியே இருந்துடுவேன்."

மனுவைத் திரும்ப வாங்கிவிடு, நந்தினி. அவர் எப்படி வந்தால் என்ன? வந்துவிட்டார்.

ஜெனிபர்


ஆரம்பாக்கம்
14 அக்டோபர் 2024

பதில் இல்லை. எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாய், அப்படித்தானே? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவில் சாப்பிட்டவள் நீ. என் அம்மா உங்கள் கழனியில் நடவு நட்டவள்தான், அதற்காக நான் சொல்வதெல்லாம் உளறலாகிவிடுமா? உனக்கு இது வழக்கு. எனக்குப் புருஷன். வாபஸ் வாங்காவிட்டால் நம் சிநேகிதம் இத்தோடு போகட்டும்.

ஜெனிபர்


பெரம்பூர்
21 அக்டோபர் 2024

என் ஜெனி,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பதில் எழுதாதது கோபத்தால் இல்லை, பயத்தால். நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நேற்று வந்தேன்.

பின்வாசல் படியில் நான் யாரையும் பார்க்கவில்லை. நீ அங்கே பார்த்துப் பேசினாய், பதில் கேட்பதுபோல் நிறுத்தினாய், தலையாட்டினாய். உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்ற நினைப்போடுதான் கிளம்பினேன். வழியனுப்ப நீ எனக்கு முன்னால் நடந்தாய். அப்போது என் முதுகுக்குப் பின்னால், காதுக்குக் கிட்டத்தில், "வக்கீலம்மா, இப்டிக் கேட்டுகினே இருந்தா எப்புடி?" என்று ராபின் குரல் கேட்டது. ஸ்டேஷன் போய் ரயிலேறும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் உன்னைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

மனு உன்னுடையது. நீ சொன்னால் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அதன் பிறகு ராபின் எங்கே என்று எந்த மாநிலமும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வந்துவிட்டார் என்று நாம் சொன்னால் மட்டும் போதாது, ஆளைக் கூட்டிவரச் சொல்வார்கள். கூட்டிவந்தால் நீதிபதி அவரையே பார்த்து ஒன்று கேட்பார்: யாருடைய கட்டாயமும் இல்லாமல், உங்கள் இஷ்டப்படிதான் இருக்கிறீர்களா? அந்தப் பதிலுக்குப் புருஷன், பெண்டாட்டி, போலீஸ், அரசு எல்லாரும் கட்டுப்பட வேண்டும்.

அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நீயே முடிவு செய். எதுவானாலும் நான் உன்னோடு இருக்கிறேன்.

நந்தினி


ஆரம்பாக்கம்
27 அக்டோபர் 2024

அன்புள்ள நந்தினி,

போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

வாபஸ் வாங்கு என்று எழுதத்தான் இன்றைக்கும் உட்கார்ந்தேன். உயிரோடு இருப்பவர் மழையில் நனைவார் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வேண்டும் என்று இருந்தது. படியில் ஒரு ஓரமாக வந்து போனால்கூடப் போதும் என்று இருந்தது.

எழுதுவதற்கு முன்னால், அந்த நீதிபதி கேட்பதை நானே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பின்பக்கம் போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "யாரும் கட்டாயப்படுத்தாம, உங்க இஷ்டப்படிதான் இங்க வந்துகினு இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. "இல்ல ஜெனி. அவுங்க இன்னும் என்ன வுடல. நீ கேக்கறத நிறுத்த வெச்சா ஊட்டுக்கு அனுப்பிர்றோம்னு சொல்லித்தான் இங்க அனுப்பிகினு இருக்காங்க."

யார், எந்தப் பக்கம் என்று கேட்டேன். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. செத்த பிறகும் ஒரு மனிதனை இப்படி மிரட்டி வைக்க முடியுமா, நந்தினி?

"நான் கேட்டுகினேதான் இருப்பேன், போய் அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்தாரே, அப்படி. எழுந்து போனார். எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

மனுவை விடாதே. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரை விடுவித்தாக வேண்டும். அடுத்த விசாரணைக்கு நானும் வருகிறேன்.

உன்
ஜெனி