கோட்டுக்கு எந்தப் பக்கம்

24 ஜூன் 1968, திங்கள்

காலையிலிருந்து மழை. தாராவிப் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வரவில்லை. அந்த வெறிச்சோடிய நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் புது அட்டவணையை ஒட்டினார். பதினோராம் வகுப்புக் கணக்கு என்னிடமிருந்து தனசீலனுக்குப் போய்விட்டது. எனக்கு ஏழும் எட்டும்.

"புதுப் பாடத்திட்டம் லூசியம்மா. ஆம்பள இருந்தா நல்லதுன்னு கமிட்டியில சொல்றாங்க."

கமிட்டி என்றால் செயலாளர். செயலாளரின் மகளைத்தான் தனசீலன் கட்டப்போகிறான். ஈஸ்டர் வரைக்கும் அவன் என்னைக் கட்டுவதாக இருந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க அண்ணன் நாள்கூடக் குறித்துவிட்டான். அப்புறம் அவன் அம்மா சொல்லி அனுப்பினாள், பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கு, வீட்டுக்கு ஒத்துவராது என்று. அவனும் நானும் படித்தது ஒரே பி.எஸ்ஸி.

அழவில்லை. முதலில் அவன், இப்போது என் வகுப்பு. இதற்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

27 ஜூன்

எட்டாம் வகுப்பில் நின்றால் அவன் குரல் தட்டி வழியாகக் கேட்கிறது. இரண்டு சமன்பாடு, இரண்டு கோடு, வெட்டும் புள்ளிதான் விடை. x + y = 6, x − y = 2. நாலு, ரெண்டு என்று பிள்ளைகள் கூவுகிறார்கள். அது நான் அவனுக்குத் தந்த எடுத்துக்காட்டு. என் எடுத்துக்காட்டு, என் பிள்ளைகள்.

2 ஜூலை

சமக்குறிக்குப் பதில் சின்னது, பெரியது குறி வரும் சமனிலிப் பாடம் அவனுக்குத் தெரியாது. மே மாதப் பயிற்சி முகாமில் அதை நடத்திய வாரம் அவன் லீவு. செயலாளர் மகளைப் பெண் பார்க்கப் போயிருந்தான்.

5 ஜூலை, வெள்ளி

ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். கிராஃப் தாளோடு வந்து நின்றான்.

"லூசி, கோடு போட்டுருதேன். அதுக்கப்புறம் எந்தப் பக்கம் நிழலடிக்கணும்?"

அவன் அம்மா ஆளனுப்பிய பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு. ஒரு வருத்தம், ஒரு தயக்கம்? ஒன்றும் இல்லை. நேற்றுத்தான் என்னோடு டீ குடித்தவன் மாதிரி கேட்டான்.

"சின்னதுன்னா கோட்டுக்குக் கீழ. பெருசுன்னா மேல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

y தனியாக இடப்பக்கம் நின்றால் நான் சொன்னது சரி. y-க்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் எல்லாம் தலைகீழ். அதைச் சொல்லவில்லை. கோட்டில் படாத ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துச் சமனிலியில் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதையும் சொல்லவில்லை.

இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "என்னட்டி, இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்கு" என்றாள் மதினி.

12 ஜூலை, வெள்ளி

அடுத்த வாரம் புதுக் கணக்கைப் பார்க்க ஆய்வாளர் வருகிறார். பதினோராம் வகுப்பில்தான் உட்காருவாராம். தனசீலன் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான்.

மத்தியானம் சுலைகா என்னைத் தேடி வந்தாள். போன வருஷம் பத்தாம் வகுப்பில் என் முதல் மாணவி, இப்போது பதினொன்று. தாராவியில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் ஹனீப் பாயின் மகள்.

"டீச்சர், சார் சொல்லித் தந்தது ரொம்ப ஈஸி. சின்னதுன்னா கீழ, பெருசுன்னா மேல."

தாளைப் பார்த்தேன். பென்சில் நிழல் அத்தனை அழகு. பாதி தப்பு.

"சரிதானே டீச்சர்?"

இவளிடம் சொன்னால் நாளைக் காலையில் அவனிடம் கேட்பாள். அவன் திருத்திக்கொள்வான், ஆய்வு நன்றாக முடியும், கல்யாணமும் நன்றாக முடியும். ஒரு வாரம்தானே. பிறகு நானே திருத்திவிட மாட்டேனா?

"சார்கிட்ட கேளும்மா" என்றேன்.

18 ஜூலை, வியாழன்

நடந்துவிட்டது.

ஆய்வாளரே எழுந்து பலகையில் கணக்கை எழுதினார். x − y < 2. y-க்கு முன்னால் கழித்தல் குறி. நான் கடைசி பெஞ்சில், மற்ற ஆசிரியர்களோடு.

தனசீலன் கோட்டைச் சரியாகப் போட்டான். கீழே நிழலடித்தான். ஆய்வாளர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இது சரியா என்று கேட்டார். சுலைகா கை தூக்கினாள். ஏன் தூக்கினாள் அவள்? பலகைக்குப் போய், சின்னதுன்னா கீழ என்று சத்தமாகச் சொல்லி, சார் அடித்த நிழலை இன்னும் அழுத்தி அடித்தாள்.

"ஜீரோ ஜீரோ டால்கே தேக்கோ" என்றார் அவர் இந்தியில், பூஜ்யம் போட்டுப் பார்க்கச் சொல்லி.

x-க்கும் y-க்கும் பூஜ்யம் போட்டாள். பூஜ்யம் இரண்டைவிடச் சின்னது. சரிதான். ஆனால் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே, நிழலில்லாத வெள்ளையில் கிடந்தது. சுலைகா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது.

"உங்களுக்கு யார் இப்படிச் சொன்னது?" என்று தனசீலனை இங்கிலீஷில் கேட்டார்.

அவன் நேராக என்னைப் பார்த்தான். செயலாளரும் இருந்தார். சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"நானாத்தான் நெனச்சேன் சார்" என்றான்.

ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றினானா? அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் பொறுத்திருந்தேன். பார்த்தும் விட்டேன். கடைசியில் பெரிய மனுஷனாகி அதையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டான். சனியன்.

22 ஜூலை

பதினோராம் வகுப்பு திரும்ப எனக்கு. சுலைகா வரவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

செயலாளர் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டாராம். பூசை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் தனசீலனின் அம்மா, வெற்றிலை பாக்கு பழத்தோடு.

"பழசை மனசுல வைக்காத தாயி. படிச்ச புள்ளதான் எங்களுக்கும் வேணும்."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எங்கள் லேபர் கேம்ப் குழாயடியில் தனசீலன் நிற்கிறான் என்றார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ சொன்னதத்தான் போட்டேன் லூசி. ஒருத்தர்ட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பொம்பளைட்ட கேட்டுத்தான் பாடம் நடத்துதேன்னு தெரிஞ்சா என் மானம் என்னாகும்?"

பத்து நாளாக என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"வேணும்னேதான் அரைகுறையாச் சொன்னேன்" என்றேன். "உங்க அம்மாவ எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க."

அவன் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. குடம் நிறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அண்ணன் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

1 ஆகஸ்ட், வியாழன்

பள்ளி விட்டதும் சுலைகா வீட்டுக்குப் போனேன். கீழே பட்டறை, மேலே வீடு. அவள் கீழே உட்கார்ந்து பெல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் படிக்கிற புள்ள, இப்பம் போகமாட்டேங்குது டீச்சர்" என்றார் ஹனீப் பாய். "பெரிய ஆபீசர் முன்னால நாலு பேரு சிரிச்சிட்டாங்களாம். நானும் கட்டாயப்படுத்தல. வேலைக்கும் ஆள் வேண்டியிருக்கு."

அவர் டீ சொல்லப் போனதும் அவளிடம் சொன்னேன். சாருக்கு அதைச் சொன்னது நான்தான், தப்பாகும் என்று தெரிந்தே சொன்னேன், சிரித்திருக்க வேண்டியது உன்னைப் பார்த்தல்ல.

துளை போடுவதை நிறுத்தினாள்.

"நான் தாளைக் கொண்டாந்து காட்டுனப்ப உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

அவள் அடுத்த பெல்ட்டை எடுத்துக்கொண்டாள். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

தனசீலன் பாண்டுப் பக்கம் ஏதோ பள்ளிக்கு மாறிப் போகிறான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சுலைகா இன்று வந்தாள். இரண்டு சமனிலி கொடுத்து, இரண்டு நிழலும் சேரும் இடத்தைக் காட்டச் சொன்னேன். எல்லாரும் தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தார்கள். அவள் முதலிலேயே முடித்துவிட்டாள். பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தாளைக் காட்டு என்று நான் கேட்கவில்லை.