பெயர் எழுதாத தாள்கள்

மார்ச் 4

சிட்டு,

நீ போன அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. உன் அறையில் கட்டிலில் ஒரு கட்டு, நாற்காலியில் ஒரு கட்டு, தரையில் ஒரு கட்டு என்று நீ வைத்திருந்த தாள்களை எல்லாம் வாரி ஒரே பையில் போட்டேன்.

இன்று உன்னோடு வேலை பார்த்த டீச்சர் வந்தாள். பையைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இது அவ பாடம் எடுத்த மூணு வகுப்புப் பிள்ளைங்க எழுதினது. உண்மையை எழுதட்டும்னு பேரே போட வேணாம்னு சொல்லியிருந்தா. ஒவ்வொரு வகுப்பையும் அதோட மார்க்கோட ஒப்பிடணும். இனி எப்படிம்மா பிரிக்கிறது?"

படித்துக் காட்டினாள். வணிகவியல் பிடிக்குமா, கணக்குப்பதிவியல் என்றால் பயமா, தன்னால் முடியும் என்று தோன்றுகிறதா, எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட வேண்டுமாம். பிள்ளைகளின் மனசு படிப்பை எப்படி இழுக்கிறது என்று அளக்கத்தானாம் உன் ஆராய்ச்சி. மனசை அளக்க முடியுமாடி என்று நான் முன்பு கேட்டதற்கு, "உன்னோடதுக்கு ஸ்கேல் பத்தாதும்மா" என்று சிரித்தாயே.

ஒவ்வொரு கட்டும் ஒரு வகுப்பு என்று தெரியாமல் நான்தானே கலந்துவிட்டேன்.

உன் அம்மா

மார்ச் 19

சிட்டு,

டீச்சர் விடவில்லை. "அவ ஆராய்ச்சியை அவ பேர்லயே முடிச்சுக் கொடுக்க யுனிவர்சிட்டியில ஒத்துக்கிட்டாங்கம்மா. அதே பிள்ளைங்ககிட்ட மறுபடி எழுதி வாங்கிட்டாப் போதும்" என்றாள். இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. உன் பெயருக்குப் பக்கத்தில் அந்த டாக்டர் பட்டம் வந்துவிடும்.

உன் அம்மா

மார்ச் 27

சிட்டு,

டீச்சர் புதுத் தாள்களோடு வந்தாள். முகமே சரியில்லை.

"பிடிக்குமான்னா எல்லாரும் அஞ்சு. பயமான்னா எல்லாரும் ஒண்ணு. டெஸ்ட்டுன்னாலே வயித்து வலின்னு ஓடுற கும்பல்கூட அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்லதுதானேம்மா?" என்றேன்.

"தங்க டீச்சர் இல்லாம போயிட்டாங்களேங்கிற பாசத்துல போட்டிருக்காங்கம்மா. இதை வச்சு ஒண்ணும் எழுத முடியாது."

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். காப்பியைக்கூட குடிக்காமல் போய்விட்டாள்.

தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், எண் தெரியும். அஞ்சு, அஞ்சு, அஞ்சு. சில பிள்ளைகள் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளே கிழிந்திருக்கிறது. நீ வகுப்புக்குள் நுழையும்போதே முகத்தைப் பார்த்து, யார் படித்திருக்கிறார்கள், யார் புளுகுகிறார்கள் என்று சொல்லிவிடுவாய் என்பார்கள். நீயே சொல்லு. இந்தப் பிள்ளைகள் உனக்காகப் பொய் போட்டார்களா, இல்லை நீ போனபிறகு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டதா?