மேடம் சாப்பிட மாட்டேன் என்கிறார்

இதனால் நீலசந்திரா வாழ் பெருமக்களுக்கும், இப்போது மேலே குடியேறிவிட்ட உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் மேடம் நேற்றும் கரப்பான்பூச்சியைத் தொடவில்லை.

அதே ஊறுகாய் பாட்டிலில்தான் இருக்கிறார். மூடியில் நீ ஆணியால் போட்ட ஓட்டைகள் வழியே மாங்காய் வாசனை இன்னும் வருகிறது. அந்த வாசனை வந்தால் நீயும் வருகிறாய். உட்கார மட்டும் மாட்டேன் என்கிறாய்.

அடுகோடியில் உன் மாமா பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்த டிரம்மை நீதான் புரட்டினாய். கோணல்மாணலான வலை, அதில் தலைகீழாகத் தொங்கும் கறுப்பு உருண்டை, வயிற்றுக்கு அடியில் சிவப்புக் குறி. நீ பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை என்றே வைத்துக்கொள். பென்சிலில் வலையைச் சுற்றி, சிலந்தியோடு சேர்த்துப் பாட்டிலுக்குள் இறக்கினாய். நூலகப் புத்தகத்தில் அதற்குப் போட்டிருந்த பெயர் ‘பிளாக் விடோ’, கறுப்பு விதவை.

“வீட்ல அந்தப் பேரச் சொல்லாத மச்சி. அம்மா இருக்காங்க” என்றாய். பீன்யா பேக்டரி விபத்தில் உன் அப்பா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து சிலந்தி நமக்கு மேடம். நீ சமையல்காரன், நான் கரப்பான் காண்ட்ராக்டர்.

உன் சட்டம் ஒன்றே ஒன்று. “துன்னலேன்னா பூச்சிய வெளிய எடுத்துடு மச்சி. உள்ளயே வுட்டா அது இவங்களக் கடிச்சிடும்.”

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா கஞ்சியை வாயருகே கொண்டு வருவாள். “அப்புறம்மா” என்று முகத்தைத் திருப்புவாய். பசித்தால் குடிப்பாய் என்று டம்ளரை அங்கேயே வைத்திருப்பாள். அது ஆடை கட்டிக் கிடக்கும்.

நீ போனதும், சிலந்தி கடித்துத்தான் செத்தாய் என்றது தெரு. டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? பாட்டிலை உடைக்க வந்தவர்கள் முன்னால் மார்தட்டி நின்றேன். “டெய்லி என் கையில ஏறி நடக்குது. எனக்கு இன்னா ஆச்சு?” அந்த ஒரு வசனத்தில் நான் தெருவுக்கே ஹீரோ.

பாட்டிலை அம்மாவே வாங்கி அலமாரியில் உன் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் தீப்பெட்டியில் கரப்பான் கொண்டுபோவேன். அம்மாதான் மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். “இவளாச்சும் துன்னட்டும்டா.”

மேடத்துக்கு வயதாகிவிட்டது. திராட்சை போலிருந்த வயிறு வற்றிச் சுருங்கிவிட்டது. சிலந்திக்கு ஆயுசே இவ்வளவுதான் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதைப் போய் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

நேற்று போனபோது முந்தாநாள் போட்ட கரப்பான் உள்ளேயே இருந்தது. எடுக்கச் சொன்னேன். “இருக்கட்டும்டா, பசிச்சா துன்னுவா” என்றாள். உற்றுப் பார்த்தேன். அது மேடத்தின் காலை மென்றுகொண்டிருந்தது. சொன்னதும் அம்மா அலறினாள்.

“எட்றா அத! ஒன் கையில ஏறுற ஆளுதான, எட்றா!”

நான் பாட்டிலைத் தொடவில்லை. அம்மா மூடியைத் திருகி எறிந்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

“அம்மா, கடிச்சிடும்!”

“கடிக்கட்டும்டா. கடிச்சா இன்னா இப்போ?”

கரப்பானை வெளியே எடுத்துப் போட்டபின்னும் கையை எடுக்கவில்லை. அறுந்த வலையில், மேடத்தின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மேடம் கடிக்கவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

மச்சி, உனக்காவது சொல்லிவிடுகிறேன். மேடம் என் கையில் ஏறியதே இல்லை. அந்த மூடியை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. நேற்று அம்மா கையை விட்டபோது நான் வாசலுக்கு வெளியே, ஓடுவதற்கு வசதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் இன்றைக்கான தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே சுரண்டுகிறது. அம்மா காத்திருப்பாள்.