அறுபத்து நாலு பேருக்கும் ஒரே வேலை

செப். 8, திங்கள்

விடியலிலிருந்து தூறல். குடையை எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷன் பெஞ்சிலேயே விட்டு ரயில் ஏறிவிட்டேன். செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங், வீட்டுக்காரர் டேனியல் சட்டை இஸ்திரி, பல் டாக்டர் (மறுபடி தள்ளியாச்சு).

ரயிலில் முருகேசன் அண்ணன். பேத்தமங்களாக்காரர், கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். எங்கள் பெங்களூர் லேபில் பார்ட்-டைம் பிஎச்டி. 19ஆம் தேதியோடு பதிவுக் காலம் முடிகிறது, ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாச்சு. கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு கணக்கு பாக்கி. அது லேபின் கிளஸ்டரில், பல கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிய பொது மெஷினில், வரிசையில் நிற்கிறது, ஆகஸ்ட் 30லிருந்து.

"இன்னாம்மா எஸ்தரு, நம்முது இன்னும் அங்கியே நிக்குதே."

"எல்லாருக்கும் பொதுவான மெஷின் அண்ணா, கொஞ்சம் பொறுமையா இருங்க." பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

போன வியாழன் நான்தான் அவருக்கு யோசனை சொன்னது. 48 பிராசஸர் கோர் கேட்டால் எப்படிக் கிடைக்கும், வாபஸ் வாங்கி 32 கேட்டுப் போடுங்கள் என்று. போட்டார். வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். மொத்தமே 96 கோர் உள்ள மெஷின், அதில் 64 என்னிடம். மீதி 32இல் அவருக்கு முன்னால் நின்றவர்கள்.

மீட்டிங்கில், கிளஸ்டரில் ஓடும் என் ஜாப் இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்கள். மெஷின் மெதுவாக இருக்கிறது என்றேன். கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் ரகு சார் என் புகாரால் நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லா கேபிளையும் கழற்றி மாட்டினாராம். சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

செப். 9, செவ்வாய்

வீட்டிலிருந்து வேலை. வெயில். துணி காய்ந்தது.

பத்தரைக்கு, என் ஜாப் என்ன செய்கிறது என்று தானே குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். ஜாபைப் போட்ட பதினொரு நாளில் முதல் தடவையாக. ஒரே வரி. கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. எண்ணினேன், 64. ஒவ்வொன்றும் "பிராசஸர் மொத்தம்: 1" என்கிறது.



எழுதி வைக்கிறேன், எனக்குத்தானே. ஓர் உலோகக் கட்டியில் விரிசல் எப்படி ஓடுகிறது என்பது கணக்கு. கட்டியை 64 துண்டாக்கி 64 கோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், பக்கத்துத் துண்டோடு பேசிப் பேசி ஒரே நாளில் முடித்துவிடும். என்னுடையதில் யாரும் யாரோடும் பேசவில்லை. 64 பேரும் முழுக் கட்டியையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அதே கணக்கைப் போட்டு, அதே ஃபைலில் ஒருவர் மேல் ஒருவர் எழுதிக்கொண்டு. லேபில் உள்ள மென்பொருள் பழசு என்று அலட்டிக்கொண்டு நானே புதுசை நிறுவினேன். அதில் பேச வைக்கும் வசதியைச் சேர்க்க மறந்திருக்கிறேன். நான் செய்த வேலைக்கு ஒரு கோர் போதும்.

11.40க்கு ஜாபை நிறுத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் அண்ணனுடையது ஓட ஆரம்பித்தது. 32 கோரில் ஒன்பது நாள் ஆகும். 48 என்றால் ஆறு.

மதியம் சாப்பிடவில்லை. தலைவலி என்று டேனியலிடம் சொன்னேன்.

செப். 10, புதன்

ரயிலில் கூட்டம். வரிசைப் பட்டியலில் என் ஜாப் இல்லாததை அண்ணன் பார்த்திருக்கிறார். அண்ணன் கம்பார்ட்மென்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி: "இந்தப் பொண்ணு தன் வேலைய நிறுத்திட்டு எனக்கு எடம் உட்டுச்சு. யார் செய்வாங்க இந்தக் காலத்துல?"

எதிர் சீட்டு அம்மா, "கர்த்தர் ஆசீர்வதிப்பாரும்மா" என்றார். நான் சிரித்தேன். சிரித்தேனே!

ஒரு பை தக்காளி கொடுத்தார், அவர் தோட்டத்தது. வாங்கிக்கொண்டேன்.

செப். 12, வெள்ளி

கேஸ் வந்தது. பல் வலி அதிகம்.

அண்ணனின் கணக்கு 18ஆம் தேதி முடியும். படம் போட்டு எழுத இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். இரண்டாவது நீட்டிப்பு கேட்டிருக்கிறார். தாமதம் ஏன் என்று யூனிவர்சிட்டி ஆபீசில் லேபிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். ரகு சார் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தது: "கிளஸ்டர் வழக்கம்போல் இயங்கியது. மாணவரே 4ஆம் தேதி தம் ஜாபை வாபஸ் வாங்கியுள்ளார்."

"நான் சொல்லித்தானேண்ணா வாபஸ் வாங்கினீங்க?"

"ஆமா. ஆனா நானே எடுத்தேன்னு சொல்லிட்டேன். உன் பேரு எதுக்கும்மா நடுவுல? எனக்கு நல்லதுதானே செஞ்சே."

லேப் பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டில் டேனியலிடம் எல்லாம் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். "மெஷினு மெஷினுன்னு ஊரெல்லாம் திட்டினியே," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கே சொல்லிடு. சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும்."

செப். 14, ஞாயிறு

நேற்று சொல்லவில்லை. போனை மூன்று தடவை எடுத்து வைத்தேன். டேனியல் கேட்கவில்லை, அதுவே போதும்.

சர்ச். பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். கூட்டத்தோடு சொல்வது எவ்வளவு சுலபம்.

சொன்னால்: ரகு சார் முகம். மீட்டிங். என் பிராஜெக்ட் டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும்.
சொல்லாவிட்டால்: அண்ணனின் ஆறு வருஷப் பிஎச்டி போச்சு.

இதைப் பட்டியல் போட்டு யோசிக்கிறேன் பார், வெட்கங்கெட்டவள்.

செப். 15, திங்கள்

மேகம். ரயில் இருபது நிமிஷம் லேட்.

பங்காருபேட்டை வருவதற்குள் சொல்லி முடித்தேன். அவர் முதலில் சிரித்தார். "அறுபத்து நாலு பேரும் ஒரே வேலையா?"

"ஆமாண்ணா."

சிரிப்பு நின்றது. ஆகஸ்ட் 30லிருந்து ஆறு நாள் விரல் விட்டு எண்ணினார். "அப்ப என்னுது அஞ்சாந்தேதியே முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

பங்காருபேட்டையில் டீக்காரர் வந்து நின்றார், போனார். அண்ணன் டீ வாங்கவில்லை. பிறகு, "அத்த அப்டியே எழுதிக் குடு. ஆபீசுக்கு, கைடுக்கு, ரகு சாருக்கு" என்றார்.

போனில் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"'மென்பொருள் கோளாறால்'னு போட்டுக்கீதே. கோளாறு மென்பொருளுக்கா?"

அழித்தேன். எழுதியது: "மென்பொருளைத் தவறாக நிறுவியது நான். பதினொரு நாள் லாக் ஃபைலைத் திறந்தே பார்க்காததும் நான். அவரை வாபஸ் வாங்கச் சொன்னதும் நான்." இரண்டு எழுத்துப் பிழை, திருத்தினேன்.

வாங்கி இரண்டு தடவை படித்தார். போனைத் திருப்பி நீட்டினார்.

"அனுப்புங்க, மேடம்."