மணலி ஏரியில் சிவந்த நீர்

ஐப்பசி, ஞாயிறு இரவு. காலடிப்பேட்டை.

இல்லை, தூண்டில் போட்டது நான் அல்ல. காட்டிக்கொடுத்தது மட்டும்தான் நான். மணலி ஏரியில் ஓரிடத்தில் நீர் சிவந்து கொதிப்பதைப் பார்த்து, "அண்ணா, எவ்வளவு அழகு!" என்றேன். அவை கூட்டமாய் மொய்க்கும் செந்நிற விரால்மீன் குஞ்சுகள். அடியில் தாய் காவல் இருக்கும் என்பது அண்ணனுக்குத் தெரியும். உயிருள்ள தவளையைத் தூண்டில் முள்ளில் கோத்து, அந்தச் சிவப்பின் நடுவே வீசினான். உடனே நீர் வெடித்தது.

"பசில கடிக்கல நைனா, கோவத்துல கடிச்சுக்கீது!" என்று சிரித்தான் அவனுடைய துறைமுகத்துத் தோஸ்து அந்தோணி. "உன் தங்கச்சி கண்ணு இன்னா கண்ணு! அடுத்த வாட்டியும் இட்டுகினு வா."

தாய் தூண்டிலில் சிக்கிக் கரைக்கு வந்த பிறகும் குஞ்சுகள் கலையவில்லை. அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கீழிருந்து வேறு மீன்கள் வந்து விழுங்க விழுங்க, சிவப்பு சிறுத்துக்கொண்டே போயிற்று. நாங்கள் கிளம்பும்போது உள்ளங்கை அளவுதான் மிச்சம்.

விரால் இன்னும் சாகவில்லை. நாளைக் குழம்புக்காக அடுக்களைத் தவலையில் நீரூற்றி விட்டிருக்கிறார்கள். மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் மூடியை முட்டுகிறது. ஏரிக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். போனாலும் அங்கே அதற்கு யார் இருக்கப்போகிறார்கள்?

எழுந்து போய், மூடியின்மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டு வந்தேன்.