அறிமுகம் இல்லாமல் பேசக்கூடாத விருந்து

மொன்றியல்,
நவம்பர் 2004

அன்புள்ள தயாளினிக்கு,

உம்முடைய விசா விண்ணப்பம் கொழும்பிலுள்ள கனடியத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வக்கீலின் அலுவலகத்தில் இன்று காலை உறுதிப்படுத்தினார்கள். நீரும் மாமியும் சுகமா? மாமாவின் இருமல் குறைந்ததா? நான் சுகம். நின்று பரிமாறுவதால் கால்தான் உளைகிறது.

சனிக்கிழமை எங்கள் ஹோட்டலில் ஒரு வாசகர் சங்கத்தின் விருந்து. இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக்காரர் போல உடுத்து, அந்தக் கால நாவல்களின் நக்கல் பேச்சைப் பேசி ஆடினார்கள். அவர்களுக்கு ஒரு விதி. மூன்றாம் ஆள் அறிமுகப்படுத்தாமல் ஆணும் பெண்ணும் பேசக்கூடாது.

"எங்கட கலியாணப் புரோக்கரைக் கூட்டி வந்திருக்கலாம் அண்ணை. மனுசன் இண்டைக்கு நல்லா உழைச்சிருப்பார்," என்றான் என்னோடு பரிமாறும் ரதீசன்.

சிரித்தேன். ஆனால் நம் கலியாணத்தைப் பற்றி வக்கீல் அம்மா சொன்னது சிரிக்கும்படி இல்லை. "முன்னம் ஒரு நாளும் கதைக்காமல் கலியாணம் முடிச்சனீங்கள், மூண்டு கிழமையில அவவை விட்டிட்டு இங்க திரும்பி வந்திட்டீங்கள். விசாவுக்குச் செய்த கலியாணம் எண்டு அதிகாரி நினைச்சால் மறுத்துப்போடுவார்."

நம் கலியாண அல்பத்தில் இருவரும் நிலத்தைத்தான் பார்க்கிறோம். பந்தியில் நாம் பேசிச் சிரித்தபோது யாராவது படம் எடுத்திருப்பார்கள். விசாரித்து அனுப்பும். உம்மைத் தனியாக எடுத்த படம் ஒன்றும் வையும். அது அதிகாரிக்கு இல்லை.

வேலைக்கு நேரமாகிறது. உம்மை நேர்முகத்துக்கு அழைக்கும் திகதி இன்னும் வரவில்லை. மார்ச் நடுப்பகுதியில் எதிர்பார்க்கலாம் என்கிறார் வக்கீல்.

உம்முடைய,
குகநேசன்