வலங்கைமானுக்கு நேர்ந்துகொண்ட பாடை

சுகந்தி,

வத்தக்குழம்பு வைத்துவிட்டேன். உன் மாமாவுக்கு மட்டும் உப்பில்லாத பருப்பு தனியாக இருக்கிறது. பீரோ சாவி அரிசி டின்னுக்குள் இருக்கிறது.

தாரிணிக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். நான் திருக்கடையூருக்கு, சொந்தக்காரர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொல். மார்பில் கட்டி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பேத்தி கல்யாணம் நின்றுவிடும்.

நான் போவது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு. மருத்துவ முகாமில் எடுத்த மார்புப் படத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருப்பதைக் காட்டித்தான் நேற்று உன்னிடம் கத்தினேன். ஆனால் புளியங்கொட்டை அளவில் இருந்தது இப்போது நெல்லிக்காயாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. "படத்துல தெரியாததும் இருக்கும் அத்தை" என்றாயே, அதையே டாக்டரிடம் சொல்லி, ஸ்கேன் எடுத்து ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பதில் தெரியாமல் திரும்ப மாட்டேன்.

நான் பிழைத்தால் நீ பாடைக்காவடி எடுப்பதாக வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டு மருமகள் பிணம் போலப் பாடையில் படுத்து, பறையடித்து வீதியில் போனால், யாருக்கு என்ன நோய் என்று ஊர் கேட்காதா?

செருப்பை மாட்டிக் கிளம்பியவள் திரும்பி வந்து இதற்கு மேல் எழுதுகிறேன். திருக்கடையூர் என்று சொல்லாதே. தாரிணி உடம்பில் ஓடுவதும் என் ரத்தம்தான். நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் அவளும் இப்படி ஒளித்து வைப்பாள். வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல். போகிறவர்கள் போகட்டும்.

பிழைத்து வந்தால் அந்தப் பாடையில் நான் படுக்கிறேன். நீ தீச்சட்டி ஏந்தி முன்னால் நட.

அத்தை